துரத்தும் கார்கள்: பழைய ஹொலிவூட் காட்சிகள் இன்றும் தாக்குப்பிடிக்கின்றனவா?

என் சித்தப்பா இருபது வருடத்துக்கு மேல் லொறி ஓட்டியவர். ஏ9 வீதி திறந்திருந்த காலத்திலும் ஓட்டினார், மூடியிருந்த காலத்தில் காட்டுப் பாதைகளிலும் ஓட்டினார். பொருளாதாரத் தடை நாட்களில், ஒரு மூடி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பிவிட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கெட்டிக்காரர்களில் அவரும் ஒருவர். இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார்.

அண்மையில் ஒரு மாலை, 1968இல் வெளிவந்த 'புல்லிட்' படத்தின் கார் துரத்தல் காட்சியை மடிக்கணினியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். பச்சை மஸ்டாங் கார் சான் பிரான்சிஸ்கோவின் மேட்டில் ஏறி, அந்தரத்தில் எழும்பி, விழுந்து, மறுபடி எழும்புகிறது. சித்தப்பா கண் வெட்டாமல் பார்த்தார். மூன்று நிமிடம் கழித்துத்தான் வாய் திறந்தார்.

"உவன் ஏன் பிள்ளை இத்தனை தரம் கியர் மாத்துறான்? அந்தக் காருக்கு எத்தனை கியர்?"

"நாலு, சித்தப்பா."

"நான் எண்ணிக்கொண்டு வாறன். ஏழெட்டுத் தரம் மேல மாத்திப்போட்டான். சத்தத்தைப் பிறகுதான் ஒட்டியிருக்கிறாங்கள்."

அவர் சொன்னது சரி. அந்தக் காட்சியின் இயந்திரச் சத்தம் பின்னர் சேர்க்கப்பட்டது. உலகெங்கும் கார்ப் பிரியர்கள் பல வருடங்களாகச் சுட்டிக்காட்டிவரும் குறையை, படத்தின் பெயரையே முதல்தடவை கேட்ட ஒரு லொறிக்காரர் மூன்று நிமிடத்தில் பிடித்துவிட்டார். ஆனாலும் அவர் எழும்பிப் போகவில்லை. கடைசிவரை பார்த்தார். முடிவில் ஒரு பெற்றோல் நிலையம் வெடித்து எரிந்தபோது, "எவ்வளவு பெற்றோல்" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவரை இருத்திவைத்தது எது? அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் காட்சிகளில் வேலை செய்வது எது, பழுதாகிப் போனது எது? ஊடகக் கற்கை படித்த நாட்களில் இவற்றை வெட்டு, கோணம், ஒலி என்று பிரித்துப் பார்த்திருக்கிறேன். இந்தமுறை வீட்டாரோடு இருந்து பார்த்தேன். இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

திரைக்கு முன்னால் ஆட்டிய ஸ்டியரிங்

பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகன் கார் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். கார் ஸ்டூடியோவுக்குள் நிற்கும். பின்னால் ஒரு திரையில் முன்கூட்டியே எடுத்த வீதி ஓடும். நடிகர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டுவார், வீதியோ நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஹொலிவூட்டிலும் நீண்ட காலம் இதுதான் வழமை. பெரிய கமராவையும் விளக்குகளையும் ஓடும் காருக்குள் ஏற்றுவது பெரும்பாடு.

கையில் தூக்கக்கூடிய பாரம் குறைந்த கமராக்கள் பரவலானதும் நிலைமை மாறியது. கமராவைக் காரின் பின்னாசனத்திலோ முன் பம்பரிலோ கட்டலாம் என்றானது. அதனால் 1960களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரையான சில வருடங்களில் துரத்தல் காட்சிகள் ஒரு புதிய கலையாகவே வளர்ந்தன. 'கிளாசிக்' என்று இன்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை அந்தச் சில வருடங்களுக்குள் எடுக்கப்பட்டவை. அவற்றின் பின்னால் இருந்தவர்களும் ஒரு சிறு கூட்டம்தான். ஒரே தயாரிப்பாளர், ஒரே சாகச ஓட்டுநர், ஒரே ஒருங்கிணைப்பாளர் என்று பெயர்கள் படத்துக்குப் படம் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டேன். இப்போது கார் எங்கே நிற்கிறது, எதிரி எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரிகிறதா? அந்தக் காருக்குப் பாரம் இருக்கிறதா? வீதியோரத்தில் நிற்கும் மனிதரைப் படம் கணக்கில் எடுக்கிறதா? மூன்றாவது கேள்வியை எனக்குத் தந்தவர் அம்மா. அதற்குப் பிறகு வருகிறேன்.

'புல்லிட்' (1968): மௌனத்தின் வேகம்

இயக்குநர் பீற்றர் யேற்ஸ் இங்கிலாந்துக்காரர். 1967இல் அவர் எடுத்த 'ரொபரி' படத்தின் கார்த் துரத்தலைப் பார்த்துத்தான் நடிகர் ஸ்டீவ் மக்குயின் தரப்பு அவரை அமெரிக்காவுக்கு அழைத்தது. மக்குயின் ஓட்டுவது 1968ஆம் ஆண்டு போர்ட் மஸ்டாங் ஜீரி 390. கொலையாளிகள் வருவது கறுப்பு டொட்ஜ் சார்ஜர். காட்சியின் நீளம் 10 நிமிடம் 53 விநாடி. சில இடங்களில் கார்கள் மணிக்கு 175 கிலோமீற்றருக்கு மேல் ஓடின.

காட்சி மெதுவாகத்தான் தொடங்குகிறது. கொலையாளிகள் மக்குயினைப் பின்தொடர்கிறார்கள். லாலோ ஷிஃப்ரினின் இசை அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மக்குயினின் காரைக் காணவில்லை. பிறகு கொலையாளியின் பின்பார்வைக் கண்ணாடியில் அதே மஸ்டாங் மேட்டில் ஏறி வருகிறது. துரத்தியவன் துரத்தப்படுபவன் ஆகிவிட்டான், ஒரு வார்த்தை பேசப்படாமலேயே. கறுப்புக் காரின் சாரதி இருக்கைப் பட்டியைக் கிளிக் என்று பூட்டுகிறான். ரயர் கிறீச்சிடுகிறது. அந்தக் கணத்தில் இசை நின்றுவிடுகிறது. அதன்பிறகு காட்சி முடியும்வரை இயந்திரமும் ரயரும் மட்டுமே பேசுகின்றன.

அந்தச் சாரதிதான் பில் ஹிக்மன். நடிகரும் அவரே, உண்மையில் ஓட்டுபவரும் அவரே. மக்குயின் தன் காரில் ஒரு பகுதியைத் தானே ஓட்டினார். ஆபத்தான பகுதிகளை பட் எக்கின்ஸ், லோரன் ஜேன்ஸ் ஆகிய சாகச ஓட்டுநர்கள் செய்தார்கள். யார் ஓட்டுகிறார் என்று கண்டுபிடிக்க ரசிகர்களிடம் ஒரு வழி இருக்கிறது. பின்பார்வைக் கண்ணாடியில் முகம் தெரிந்தால் மக்குயின், தெரியாவிட்டால் மற்றவர். சாகச ஏற்பாடுகளைக் கவனித்தவர் கெரி லொப்டின். இந்தப் பெயரையும் ஹிக்மனின் பெயரையும் நினைவில் வைத்திருங்கள்.

குறைகள் நிறைய. ஒரே பச்சை வொக்ஸ்வாகன் பீற்றில் காரை அவர்கள் திரும்பத் திரும்ப முந்துகிறார்கள். ஒரே சம்பவத்தைப் பல கமராக்களில் எடுத்து வெவ்வேறு இடங்களில் ஒட்டியதன் விளைவு அது. நான்கு சில்லுள்ள சார்ஜரிலிருந்து நான்குக்கு மேற்பட்ட வீல் கப்புகள் கழன்று ஓடுகின்றன. சான் பிரான்சிஸ்கோவை அறிந்தவர்களுக்குக் கார் ஒரு வளைவில் திரும்பி நகரின் வேறொரு மூலையில் வெளிவருவது சிரிப்பாக இருக்கும். முடிவில் வெடிக்கும் பெற்றோல் நிலையத்தைக் கார் நேராக மோதவும் இல்லை. உற்றுப் பார்த்தால் அது தாண்டிப் போவது தெரியும்.

இத்தனைக்கும் மேல் காட்சி நிற்கிறது. காரணம் அந்த மேடு பள்ளங்கள். கார் விழும்போது அதன் அடிப்பாகம் வீதியில் உரசுகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, சாரதியின் தலை ஆடுகிறது. ஓரிடத்தில் மக்குயின் திருப்பத்தைத் தவறவிட்டு, ரயரில் புகை கிளம்பப் பின்னுக்கு எடுக்கிறார். அது தவறுதான், வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பிழைவிடக்கூடிய ஒரு மனிதன் ஓட்டுகிறான் என்ற நம்பிக்கை அந்த ஒரு பிழையால் வருகிறது. படத்தொகுப்பாளர் பிராங்க் கெல்லருக்கு ஒஸ்கார் கிடைத்தது. 2007இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்க்கப்பட்டது. படத்தில் ஓடிய மஸ்டாங்குகளில் ஒன்று 2020 ஜனவரியில் 34 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது. கட்டணங்களையும் சேர்த்தால் 37 இலட்சத்தைத் தாண்டும்.

தீர்ப்பு: காட்சி நிற்கிறது. மற்றப்படி படம் மிக மெதுவானது. பொறுமை தேவை.

'த பிரெஞ்ச் கனெக்ஷன்' (1971): வீதியில் நின்றவர்கள்

மூன்று வருடங்களின் பின் அதே தயாரிப்பாளர் பிலிப் டன்ரோனி. அதே பில் ஹிக்மன். இடம் நியூயோர்க்கின் புரூக்ளின். இயக்குநர் வில்லியம் பிரைட்கின். இங்கே காரைக் கார் துரத்தவில்லை. தூண்களின் மேல் ஓடும் ரயிலைக் கீழே வீதியில் ஒரு பொன்ரியாக் கார் துரத்துகிறது. ரயிலைக் கடத்தியவன் மேலே, போதைப்பொருள் தடுப்புப் பொலிஸ்காரரான டொயில் கீழே. டொயிலாக நடித்தவர் ஜீன் ஹக்மன்.

மூன்று கேள்விகளில் முதலாவதுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. ரயிலுக்கு ஒரே பாதை. கார் அதன் கீழேயே போக வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு விநாடியும் குழப்பம் வராது. இடையில் இரும்புத் தூண்கள், எதிரே வரும் வாகனங்கள், வீதியைக் கடப்போர். பம்பரில் கட்டிய கமரா நிலத்தோடு ஒட்டி ஓடுவதால் வீதி நம் முகத்துக்கு நேரே சீறி வருகிறது. இங்கேயும் இசை இல்லை.

இந்தக் காட்சி எடுக்கப்பட்ட விதம்தான் இன்று தொண்டைக்குள் முள்ளாக நிற்கிறது. ஒருநாள் ஹிக்மன் மணிக்கு 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீற்றர் வேகத்தில், 26 வீதிச் சந்திகளின் தூரத்துக்கு உண்மையான போக்குவரத்துக்குள் ஓட்டினார். முழுமையான அனுமதி இல்லை. காரின் கூரையில் ஒரு பொலிஸ் விளக்கு மட்டும். பின்னாசனத்தில் கமராவோடு இருந்தவர் இயக்குநரே. கமராக்காரர்களுக்கு மனைவி பிள்ளைகள் இருந்தார்கள், தனக்கு அப்போது இல்லை என்பது அவர் சொன்ன காரணம். திட்டத்தில் இல்லாத மோதலும் நடந்தது, அதுவும் படத்திலேயே இருக்கிறது.

கமராக்காரரின் பிள்ளைகளை நினைத்த இயக்குநர் வீதியில் நின்றவர்களின் பிள்ளைகளை நினைக்கவில்லை. பிற்காலத்தில் அவரே, அது மனித உயிர்களோடு விளையாடிய செயல், இன்னொருமுறை அப்படிச் செய்யமாட்டேன் என்ற பொருளில் பலதடவை பேசினார். 2023இல் அவர் காலமானார்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். துரத்தல் தொடங்குவதற்கு முன் ஒரு காட்சி வருகிறது. கட்டடத்தின் கூரையிலிருந்து ஒருவன் டொயிலைக் குறிபார்த்துச் சுடுகிறான். குறி தவறி, குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போன பெண் விழுகிறாள். டொயில் மரத்தின் பின்னால் ஒளிந்து, கூரையைப் பார்த்து, ஓடத் தொடங்குகிறான். படமும் அவனோடு ஓடிவிடுகிறது. பிறகு துரத்தலின் நடுவில் இன்னொரு பெண் குழந்தை வண்டியோடு வீதிக்கு இறங்குகிறாள். கார் திரும்பிக் குப்பைக் குவியலில் மோதித் தப்புகிறது. இது முன்கூட்டியே ஒழுங்குசெய்து எடுத்த காட்சி.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார். "முதல் விழுந்தவவின்ர பிள்ளைக்கு என்ன நடந்தது?"

படம் சொல்லவில்லை என்றேன். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டார். ரயில் மோதி, காட்சி முடிந்து, டொயில் படிக்கட்டில் வைத்து அந்த ஆளை முதுகில் சுட்ட பிறகும் கேட்டார். "அந்தப் பிள்ளையை ஆர் தூக்கினது?"

வகுப்பில் இந்தக் காட்சியைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருமுறையும் வந்ததில்லை. எங்கள் ஆசிரியரும் கேட்கவில்லை. ஒரு பெண் விழுந்தால், பக்கத்தில் உள்ள பிள்ளையை யார் தூக்கினார்கள் என்று தேடும் கண், 2009ஐக் கடந்து வந்தவர்களிடம் இருக்கிறது. படம் நடுவைக் காட்டுகிறது. அம்மா ஓரத்தைப் பார்க்கிறார்.

டொயில் இனவெறி பேசுபவன். சந்தேகம் என்று கறுப்பினத்தவரை அடித்து உதைத்துச் சோதிப்பவன். சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற எங்களுக்கு அவனோடு சேர்ந்து ஓடுவது இலகுவாக வராது. ஆனால் படம் அவனை நாயகனாக மட்டும் விட்டுவிடவில்லை. இறுதியில் அவன் குற்றவாளி என்று நினைத்துத் தன் தரப்பு அதிகாரி ஒருவரையே சுட்டுக் கொல்கிறான், அதுகூட அவனை உறுத்தவில்லை. பெரிய புள்ளி தப்பிவிடுகிறான். அந்த அதிகாரியாக நடித்தவர் யார் தெரியுமா? டொயிலின் காரை ஓட்டிய அதே பில் ஹிக்மன்.

1972இல் சிறந்த படம், இயக்குநர், நடிகர், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு என ஐந்து ஒஸ்கார்கள் கிடைத்தன.

தீர்ப்பு: தொழில்நுட்பத்தில் இன்றும் முதலிடம். எடுத்த முறையை எந்தக் காலத்திலும் நியாயப்படுத்த முடியாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லத்தான் வேண்டும்.

'டுவல்' (1971): முகம் தெரியாத சாரதி

ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்குக்கு அப்போது 24 வயது. தொலைக்காட்சிக்காக ஏறத்தாழ 13 நாட்களில் எடுத்துமுடித்த சிறிய படம். பின்னர் நீளம் கூட்டித் திரையரங்குகளுக்கும் விடப்பட்டது. கதை ஒரு வரிதான். சிவப்பு பிளைமவுத் காரில் தனியே பயணம் செய்யும் ஒரு சாதாரண விற்பனையாளனை, துருப்பிடித்த பெரிய எண்ணெய்த் தாங்கி லொறி ஒன்று காரணமே இல்லாமல் துரத்துகிறது. அந்த லொறியை ஓட்டியவர் 'புல்லிட்'டின் கெரி லொப்டின். ஆனால் படத்தில் சாரதியின் முகத்தை ஒருதடவையும் காணமாட்டீர்கள். ஒரு கை, ஒரு சப்பாத்து, அவ்வளவுதான். லொறியின் முன் பம்பரில் வெவ்வேறு மாநிலங்களின் இலக்கத் தகடுகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவை யாருடையவை என்று படம் சொல்லாது, நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பாவை உலுக்கியது இந்தப் படம்தான். காரில் போகிறவன் ஒரு தேநீர்க்கடையில் இறங்குகிறான். வெளியே அந்த லொறி நிற்கிறது. உள்ளே இருக்கும் ஆட்களில் யார் அதன் சாரதி? ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். யாராகவும் இருக்கலாம். உதவி கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். இலக்கத் தகடும் முகமும் தெரியாத வாகனம் என்றால் என்ன, அது தெருமுனையில் நின்றால் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளை வான் என்ற இரண்டு சொற்கள் போதும்.

"காரணம் தெரிஞ்சால் பாதிப் பயம் போயிடும்," என்றார் சித்தப்பா. படம் முழுவதையும் அவர் அந்த ஒரு வரிக்குள் அடக்கிவிட்டார்.

தீர்ப்பு: இந்தப் பட்டியலில் சற்றும் பழுதாகாதது இதுதான். நாயகனின் மனக்குரல் சில இடங்களில் தேவைக்கு அதிகமாகப் பேசுகிறது, அது மட்டுமே குறை.

சுருக்கமாகச் சில

'த இற்றாலியன் ஜொப்' (1969): இத்தாலியின் துரின் நகரில் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று மினி கார்கள் படிக்கட்டுகளிலும் நடைபாதைகளிலும் கட்டடக் கூரையிலும் ஓடுகின்றன. பிரெஞ்சுச் சாகச ஓட்டுநர் ரெமி ஜூலியனின் குழுவின் வேலை. பயமில்லை, விளையாட்டு. சிறுவர்களோடு இருந்து பார்க்கலாம்.

'கோன் இன் 60 செக்கன்ட்ஸ்' (1974): எச்.பி. ஹலிக்கி தானே எழுதி, இயக்கி, நடித்து, ஓட்டிய படம். சுமார் 40 நிமிடத் துரத்தல், நொறுங்கிய கார்கள் 93. நடிப்பும் கதையும் இன்று நிற்காது. 1989இல் இதன் அடுத்த பாகத்துக்கான சாகசக் காட்சியை எடுக்க ஆயத்தம் செய்தபோது ஏற்பட்ட விபத்தில் ஹலிக்கி உயிரிழந்தார்.

'மாட் மக்ஸ்' (1979): இயக்குநர் ஜோர்ஜ் மில்லர் அவுஸ்திரேலிய வைத்தியர். அவசர சிகிச்சைப் பிரிவில் வீதி விபத்துக் காயங்களைக் கையால் தொட்டவர். மக்ஸின் மனைவியும் குழந்தையும் மோதப்படும் இடத்தில் மோதலை அவர் காட்டவில்லை. வீதியில் ஒரு சப்பாத்தும் பந்தும் உருள்கின்றன. உடலைக் கண்டவருக்கு உடலைக் காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை.

'த புளூஸ் பிறதர்ஸ்' (1980): 103 கார்களை உடைத்த நகைச்சுவை. பொலிஸ் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிகின்றன, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சிரிக்கலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை.

'ரோனின்' (1998): பழைய முறையைக் காப்பாற்றிய கடைசிப் பெரிய படங்களில் ஒன்று. பாரிஸ் வீதிகளில் பி.எம்.டபிள்யூவும் பேஜோவும். பிரான்சில் சாரதி இருக்கை இடப்பக்கம். இயக்குநர் ஜோன் பிராங்கன்ஹைமர் எங்கள் நாட்டைப்போல் வலப்பக்கம் ஓட்டும் கார்களைக் கொண்டுவந்து, இடப்பக்கத்தில் பொய் ஸ்டியரிங் ஒன்றைப் பொருத்தினார். நடிகர் அதைப் பிடித்துக்கொண்டிருக்க, உண்மையான சாகச ஓட்டுநர் மறுபக்கம் இருந்து முழு வேகத்தில் ஓட்டினார். நடிகர்களின் முகத்தில் தெரியும் பதற்றத்துக்கு நடிப்பு மட்டும் காரணமில்லை.

வேகம் எப்படிச் செய்யப்படுகிறது

திரையில் காணும் வேகம் வேறு, காரின் வேகம் வேறு. அந்த இடைவெளியை நிரப்பும் சில வழிகள் இவை.

கமராவைத் தாழ்த்துவது. பஸ்ஸின் மேலாசனத்தில் இருந்து பார்த்தால் 60 கிலோமீற்றர் மெதுவாகத் தெரியும். அதே வேகத்தை மோட்டார் சைக்கிளின் பெடலோடு கண்ணை வைத்துப் பார்த்தால் பயம் வரும். பம்பர் கமராவின் இரகசியம் இதுதான்.

தூரவில்லை. தொலைவிலிருந்து நெருக்கிக் காட்டும் வில்லை, முன்னும் பின்னும் உள்ள பொருட்களின் இடைவெளியைச் சுருக்கிவிடும். இருபது மீற்றர் தள்ளி வரும் லொறி முதுகில் முட்டுவதுபோல் தெரியும்.

படச்சட்டங்களைக் குறைப்பது. திரையில் விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். படம்பிடிக்கும்போது 18 மட்டும் எடுத்தால், ஓட்டும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு வேகமாகத் தெரியும். மலிவான வழி. வீதியோரத்தில் நடப்பவர்கள் பொம்மைபோல் விறுக்விறுக்கென்று நடந்தால் கண்டுபிடித்துவிடலாம். 'புல்லிட்' பெருமளவு இந்த வழியைத் தவிர்த்தது.

ஒலி. சித்தப்பா பிடித்தது இதைத்தான். கண் நம்பாததையும் காது நம்பவைக்கும்.

இன்றைய கார்களுக்கு ஏன் பாரமில்லை

'பாஸ்ட் அன்ட் பியூரியஸ்' வரிசை 2001இல் வீதிப் பந்தயக் கதையாகத் தொடங்கியது. 2021இல் வந்த ஒன்பதாவது பாகத்தில் கார் விண்வெளிக்கே போய்விட்டது. எங்கள் வீட்டுச் சிறுவர்கள் அதை விரும்பிப் பார்க்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் கணினியில் வரைந்த கார் விழும்போது அது எதன்மேலும் விழுவதில்லை. ஸ்பிரிங் அமுங்குவதில்லை. எதுவும் நடக்கலாம் என்றானபின் எது நடந்தாலும் நெஞ்சு பதைப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. இப்போது பல படங்களில் நடிகர் ஸ்டூடியோவுக்குள் நிற்கும் காரில்தான் இருக்கிறார். சுற்றிவர எல்.ஈ.டி திரைகளில் வீதி ஓடுகிறது. ஸ்டியரிங்கை ஆட்டிய பழைய காலத்துக்கே சுற்றி வந்திருக்கிறோம், திரைதான் விலை கூடியது.

பழையது எல்லாம் பொன் என்று சொல்லவும் நான் தயாரில்லை. பின்னாசனத்தில் இயக்குநரை வைத்துக்கொண்டு பொதுவீதியில் 145 கிலோமீற்றரில் ஓடிய காலம் திரும்பக் கூடாது. கணினியும் திரைகளும் எத்தனையோ சாகசக் கலைஞர்களின் எலும்பைக் காப்பாற்றியிருக்கின்றன. அந்தக் கலைஞர்களுக்கான அங்கீகாரமும் இப்போதுதான் வருகிறது. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து சாகச வடிவமைப்புக்குத் தனி ஒஸ்கார் வழங்கப்படும் என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஹிக்மனும் லொப்டினும் அதைக் காணவில்லை.

இரண்டையும் பொருத்திக் காட்டியவர் அதே வைத்தியர் மில்லர். 'மாட் மக்ஸ்: பியூரி ரோட்' (2015) நமீபியப் பாலைவனத்தில் உண்மையான வண்டிகளை உண்மையான மனிதர்கள் ஓட்ட எடுக்கப்பட்டது. கணினி வேலையும் தாராளமாக உண்டு. வெட்டுகள் மின்னல் வேகம், ஆனால் முக்கியமான பொருள் எப்போதும் சட்டத்தின் நடுவிலேயே இருப்பதால் கண் தடுமாறுவதில்லை. படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸல் உட்பட ஆறு ஒஸ்கார்கள் கிடைத்தன.

அந்தப் படத்தில் ஒரு பெரிய வண்டி இரவில் சேற்றில் புதைந்துவிடும். பின்னால் எதிரிகள் வருகிறார்கள். பெண்கள் இறங்கிச் சில்லுக்கு அடியில் எதையெதையோ போட்டு, மரத்தில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். துரத்தல் படங்களில் என்னை அழவைத்த ஒரே காட்சி அது. சினிமா தப்பியோடுவதை எப்போதும் வேகமாகக் காட்டும். எங்கள் ஓட்டத்தில் வேகம் இருந்ததில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் பாயும் பானையும் பாட்டியும், முன்னால் ஒரு கிலோமீற்றருக்கு வரிசை, நடந்து போனவர்கள் எங்களை முந்திப் போனார்கள். படத்தின் பிற்பாதியில் அந்தப் பெண்கள் தேடிப் போன பசுமை நிலம் இல்லை என்று அறிந்து, ஓடிவந்த இடத்துக்கே திரும்புகிறார்கள். மீள்குடியேறியவர்களுக்கு அந்தப் பயணமும் பழக்கமானது.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு

முதலில் 'த இற்றாலியன் ஜொப்', பிறகு 'புல்லிட்', பிறகு 'டுவல்', 'பியூரி ரோட்', கடைசியாக 'பிரெஞ்ச் கனெக்ஷன்' என்ற ஒழுங்கை நான் சொல்வேன். இலகுவானதில் தொடங்கிப் பாரமானதுக்குப் போகலாம்.

சத்தத்துக்குத் திடுக்கிடுபவர்கள் வீட்டில் இருந்தால் சில இடங்களை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 'புல்லிட்'டில் துரத்தலின் பிற்பகுதியில் துப்பாக்கிச் சூடும் முடிவில் பெரிய வெடிப்பும் உண்டு, படத்தின் முற்பகுதியில் ஒரு அறைக்குள் நடக்கும் சூடு இரத்தத்தோடு காட்டப்படுகிறது. 'பிரெஞ்ச் கனெக்ஷன்' துரத்தலுக்கு முன் கூரையிலிருந்து சுடும் காட்சி திடீரென்று வரும். 'பியூரி ரோட்' தொடக்கம் முதல் முடிவு வரை இரைச்சல், ஒலியைக் குறைத்தே பாருங்கள். 'டுவல்'இல் துப்பாக்கியே இல்லை, ஆனால் பயம் நீண்ட நேரம் கூட இருக்கும். இரவில் தனியே வேண்டாம்.

சித்தப்பா இப்போது வாரத்துக்கு ஒரு படம் கேட்கிறார். கியர்களை எண்ணுகிறார், ரயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அம்மா வாசலில் நின்றபடியே பார்க்கிறார், இருப்பதில்லை. சென்ற வாரம் 'ரோனின்' ஓடிக்கொண்டிருந்தபோது, கார்கள் போய்மறைந்த ஒரு சந்தியைக் காட்டி, "அதில நிண்டவை எல்லாம் தப்பிட்டினமோ?" என்றார். அது ஒழுங்குசெய்து எடுத்தது, அவர்கள் எல்லோரும் சாகசக் கலைஞர்கள் என்றேன்.

"அப்ப சரி," என்று சொல்லி, முதல்தடவையாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.